தக்காளிச் சோஸும் ஒரு சந்தேகமும்

இரத்மலானையில் என்னிடம் ஓதும் பிள்ளையொன்றின் உம்மா ஒருநாள் கேட்டார்: "மௌலவி, வீட்டில் தக்காளிச் சோஸ் செய்தேன். அதில் விட்ட வினாகிரி தென்னங்கள்ளில் எடுத்ததாம் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னார். முழுவதையும் கொட்டிவிட்டேன். சரிதானே?"

அவசரப்பட்டுவிட்டார். கள் ஹராம்தான். ஆனால் அது புளித்துக் காடியாகிவிட்டால் போதையும் போய்விடும், விலக்கும் நீங்கிவிடும். எதையும் போட்டு மாற்றாமல் தானாக மாறியிருக்க வேண்டும் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். நபி (ஸல்) அவர்கள் காடியைப் புகழ்ந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. செய்த முறை தெரியாமல் மனம் உறுத்தினால், கள்ளில் எடுக்காத செயற்கை வினாகிரி கடையில் உண்டு.

இனிச் செய்முறை. நன்கு பழுத்த தக்காளி ஒரு கிலோவை வெட்டி, தண்ணீர் விடாமல் 20 நிமிடம் அவித்து, மசித்து வடியுங்கள். 100 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி உப்பு, சிறிது மிளகாய்த்தூள், துணியில் கட்டிய கறுவா, கராம்பு சேர்த்து மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும். தடித்ததும் கால் கோப்பை வினாகிரி விட்டு மேலும் 5 நிமிடம் காய்ச்சுங்கள். பீங்கானில் ஒரு துளி விட்டால் ஓரத்தில் நீர் பிரியக்கூடாது. துணி முடிச்சை எடுத்துவிட்டு, கொதிநீரில் அவித்துக் காயவைத்த போத்தலில் சூட்டோடு ஊற்றுங்கள். ஆறியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வீண்விரயமும் மார்க்கம் தடுத்ததே. சந்தேகம் வந்தால் முதலில் கேளுங்கள்; கொட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.