ஐந்து முறை சரியானால் ஆறாவது முறையும் சரியா?



4294967297. இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துடாதீங்க! 2-ன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இது. இதற்குள் நமக்கெல்லாம் ஒரு பாடம் இருக்கிறது.

பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை ஃபெர்மா, 2-ன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டிப் பார்த்தார். 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள்! அப்படியென்றால் இனி வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640-ல் நம்பினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1729-ல் கோல்ட்பாக் என்பவர், 'இது உண்மைதானா?' என்று ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1732-ல், தன் 25 வயதில், ஆய்லர் பதிலைக் கண்டுபிடித்தார். ஆறாவது எண்ணான 4294967297 பகா எண்ணே இல்லை! 641 × 6700417. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்க.

'எல்லாத்தையும் சோதிச்சுட்டே இருந்தா போர்ஷன் எப்போ முடியும்?' என்று சிலர் கேட்கலாம். ஆய்லர் கண்ணை மூடிக்கொண்டு வகுக்கவில்லை. இந்த எண்ணை வகுக்கும் பகா எண், 64-ன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று முதலில் யோசித்தார். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கிச்சு! யோசித்துச் சோதித்தால் நேரம் அதிகம் ஆகாது.

நாம என்ன செய்யறோம்? லேப்ல அஞ்சு ரீடிங் நேர்கோட்டில் வந்தால், ஆறாவதை எடுக்காமலே கோட்டை நீட்டிவிடுகிறோம். சில பேர் அந்த அஞ்சையும் சீனியர் ரெக்கார்டிலிருந்து எழுதுகிறார்கள். வைவாவில் 'ஏன்?' என்று கேட்டால், 'புக்ல இருக்கு சார்' என்பதுதான் பதில்!

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அச்சடித்த புத்தகத்தில் தப்பே இருக்காது என்பது எங்கப்பாவின் நம்பிக்கை. படிப்பு மேல் அவர் வைத்திருக்கும் மரியாதை அது. ஆனால் வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இல்லாத என்னைப் போன்றவர்கள், வகுப்பிலும் வாய் திறக்காவிட்டால் வேறு எங்கே போய்க் கேட்பது? கேள்வி கேட்பது ஆசிரியரை அவமதிப்பது ஆகாது. கோல்ட்பாக் கேட்டதால் ஃபெர்மாவின் பெருமை குறைந்துவிடவில்லையே! அந்த வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பரீட்சையில் தப்பினால் அரியர் எழுதிக்கொள்ளலாம். நாளைக்கு நாம் போடும் வயரிங்கை நம்பி ஒரு குடும்பம் தூங்கப் போகிறது. அங்கே 'போன அஞ்சு வீட்டிலும் சரியாத்தான் இருந்துச்சு' என்று சொன்னால் போதுமா? நண்பர்களே, ஆறாவது ரீடிங்கை எடுங்கள்!

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் பிரிவு