குட்டையில் பச்சை: சாயமா, பாசியா?

"எங்கள் மீன் குட்டைத் தண்ணீர் பத்து நாளாகப் பச்சைப்பசேலென்று இருக்கிறது. சாயத் தண்ணீர் கலந்துவிட்டதோ என்று வீட்டில் பயம். 'நெல்லுக்குப் போடும் நீலப்பச்சைப் பாசிதான், அள்ளி வயலில் விடு' என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். எது சரி?"
- வாசகர், பெரிய காஞ்சிபுரம்

தறி ஊரில் சாயத்தைச் சந்தேகப்படுவது நியாயம்தான். கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஒரு பக்கம் கறுப்புத் தாள் சுற்றி ஜன்னலோரம் வையுங்கள். சில மணி நேரத்தில் பச்சை வெளிச்சப் பக்கம் ஒதுங்கினால் அது நீந்தும் பாசி. சாயம் அப்படி ஒதுங்காது. ஒதுங்காவிட்டாலும் சாயம் என்று முடிவு கட்டாதீர்கள். நீந்தாத பாசியும் உண்டு.

இப்படிப் பச்சையாகும் குட்டைகளில் கிளாமிடோமோனாஸ் போன்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசிகள் இருக்கும். நூறு செல்லை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர்தான். அதற்குள் உட்கரு, கிண்ணம் போன்ற பசுங்கணிகம், ஒளியை அறியச் சிவந்த கண்புள்ளி, நீந்த இரண்டு கசையிழைகள் எல்லாம் உண்டு. ஆனால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்க அதற்குத் தெரியாது. அதைச் செய்பவை அனபீனா, நாஸ்டாக் போன்ற நீலப்பச்சைப் பாசிகள். நெல் வயலில் அவற்றின் பங்கை பி.கே.டே 1939-லேயே எழுதினார். பெயரில்தான் பாசி, உட்கருவும் பசுங்கணிகமும் இல்லாத பாக்டீரியா இனம் அது.

இருந்தாலும் உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் உறவு சொன்னதில் தப்பில்லை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஒரு செல் நீலப்பச்சைப் பாசி ஒன்றை விழுங்கியது; செரிக்கவில்லை. அசோலா இலைக்குழியில் அனபீனா குடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது வாடகைக்காரர். இங்கே குடிவந்தது வீட்டோடு ஒன்றாகி, பசுங்கணிகமாகிவிட்டது. இன்றும் அதற்கு இரட்டைச் சவ்வும் சொந்த டி.என்.ஏ.வும் இருக்கின்றன. உங்கள் நெல் இலையின் பச்சையும் அந்த வழி வந்ததே. 1905-ல் மெரெஷ்கோவ்ஸ்கி இதைச் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை.

ஆகவே குட்டைத் தண்ணீரை உயிர் உரமென்று நம்பி யூரியாவைக் குறைக்காதீர்கள். மீனுக்கு அளவான பச்சை நல்ல தீனி. கையை நீட்டித் தண்ணீரில் விடுங்கள். முழங்கை முங்குமுன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி அதிகம், சாணம் போடுவதை நிறுத்துங்கள். பகலில் பிராணவாயு தரும் பாசி இரவில் தானும் அதை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே புதுத் தண்ணீர் விடுங்கள். மேலே பெயின்ட் ஊற்றியது போல ஏடு படர்ந்தால் மட்டும் மாட்டைத் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். நஞ்சுள்ள நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம்.