தட்டில் இருப்பது சத்தா, சாதியா?

ஆம்பூர் பிரியாணி என்றால் அறியாதார் யார்? அந்த ஊரில் 2022 மே மாதம் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் முனைந்தது. கோழிக்கு இடம் உண்டு, ஆட்டுக்கு இடம் உண்டு, மாட்டுக்கறிக்கு இடம் இல்லை என்றார்கள்! தோல் பதனிடும் தொழிலாளி தலைமுறை தலைமுறையாக உண்டு வரும் உணவு, அவன் ஊர்த் திருவிழாவிலேயே தீண்டப்படாததாயிற்று. ஏன் என்று ஊர் கேட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையமும் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளி வைத்தார்கள். அடுப்பு அணைந்தது, கேள்வி அணையவில்லை.

அரசியல் இருக்கட்டும் தோழனே, இன்று உடலைப் பற்றிப் பேசுவோம். கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறி 100 கிராம் எடுத்துக்கொள். அதில் புரதம் சுமார் 20 கிராம். இரும்புச் சத்து சுமார் 2 மில்லி கிராம். துத்தநாகம் நிறைய. செடி கொடிகள் தர இயலாத பி 12 வைட்டமினோ, ஒரு நாளையத் தேவையின் பெரும் பங்கு அந்த 100 கிராமிலேயே அடக்கம்! கீரையில் இரும்பு இல்லையா என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் சிறு பங்கைத்தான் குடல் ஏற்கிறது. உண்ட கையோடு தேநீர் குடித்தால் அதுவும் குறைகிறது. கறியின் இரும்போ எளிதில் இரத்தத்தில் சேருகிறது. உடன் உண்ணும் கீரை, பருப்பின் இரும்பையும் கைபிடித்து அழைத்துச் செல்கிறது. ஆட்டுக்கறி விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பும் தொழிலாளிக்கு, அதைவிட மிகக் குறைந்த விலையில் இத்தனையும் கிடைக்கிறது.

மாட்டுக்கறியே மாமருந்து என்று முழங்க வரவில்லை நாம். சிவப்பு இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் எச்சரித்தது. சமைத்த கறி வாரத்திற்கு அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பது வல்லுநர் அறிவுரை. பருப்பும் காயும் பழமும் தட்டில் இருந்தே ஆக வேண்டும். மரக்கறி உண்ணும் தோழரை ஏளனம் செய்வதும் நம் வேலையல்ல. பாலிலும் பி 12 உண்டு. அவர் தட்டு அவருக்கு, நம் தட்டு நமக்கு!

ஆனால் நம் தட்டில் மட்டும் நீதி இருக்கிறதா? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது: இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்த சோகை. தமிழ்நாட்டில் 53 பேருக்கு! இரும்பு மிகுதியும் தேவைப்படுவது யாருக்கு? மாதந்தோறும் குருதி இழப்பவளுக்கு, பிள்ளை சுமப்பவளுக்கு. அவளோ கடைசியில் உட்காருகிறாள். கறி நமக்குப் போய்விடுகிறது, சட்டியில் ஒட்டிய குழம்பு அவளுக்கு மிஞ்சுகிறது. மேடையில் பெண்ணுரிமை பேசி முடித்து, கைகழுவி உட்காரும் நம் தோழர்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? இதற்கு எந்த மாவட்ட நிர்வாகத்தைக் குறை சொல்வோம்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும் தோழர், முதல் கரண்டியை யார் தட்டில் போடுகிறார் என்று பார்ப்போம்.