உப்புக்கு வரி உண்டு, ஓட்டு இல்லை

பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டதற்காக மூன்று ஊர்களில் சிறை இருந்தவர் என்று ஐரிஷ் பெண்ணுரிமைப் போராளி மார்கரெட் கசின்ஸைச் சொல்லிவிட முடியாது. 1910-இல் லண்டன் ஹாலோவே சிறையும், 1913-இல் டப்ளின் கோட்டையின் ஜன்னலை உடைத்ததற்காக டல்லமோர் சிறையும் ஓட்டுக்காக. மூன்றாவது, நம் வேலூர். அங்கே 1932-இல் அவர் போனது வேறொரு காரணத்துக்காக. அந்த இருபது ஆண்டுகளில் அவர் எவ்வளவு தூரம் வந்தார் என்பதை உப்பளக் கரையிலிருந்து பார்த்தால்தான் சரியாக விளங்கும்.

1915-இல் கணவர் ஜேம்ஸுடன் சென்னை மாகாணத்துக்கு வந்தார். மதனப்பள்ளியில் வாசம். படிப்பு மறுக்கப்பட்ட சிறுமிகளையும், பள்ளி வயதில் தாலி ஏறிய பிள்ளைகளையும் கண்டார். 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்ட் தலைவர், டோரதி ஜினராஜதாசாவும் கசின்ஸும் முன்நின்று நடத்தியவர்கள். அந்த ஆண்டு இந்திய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வருவதாக இருந்தது. பெண் கல்வி பற்றிப் பேசத்தான் கசின்ஸ் முதலில் நேரம் கேட்டார். அரசியல் விஷயமானால் மட்டுமே சந்திப்பு என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலே பேசுவோம் என்று ஓட்டுரிமையைக் கோரிக்கையில் சேர்த்தார். டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு மாண்டேகுவைச் சந்தித்தது. இந்தியப் பெண்களின் ஓட்டுக் கோரிக்கை அரசின் முன் வைக்கப்பட்டது இப்படித்தான்.

வாக்குரிமையை ஆராய்ந்த சவுத்பரோ குழு அதை நிராகரித்தது. 1919 இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாண சபைகளிடம் தள்ளியது. 1921-இல் சென்னை சட்டசபை முந்திக்கொண்டு பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்திதான். ஆனால் அன்று ஓட்டுக்குச் சொத்துத் தகுதி வேண்டும். வரி கட்டும் நிலமோ வீடோ இருக்க வேண்டும். அது எத்தனை பெண்கள் பேரில் இருந்தது?

நிலமும் வீடும் இல்லாதவளைப் பார்க்க மரக்காணம் உப்பளத்துக்கு வாருங்கள். அங்கே வேலை விடியுமுன் தொடங்குகிறது. வெயில் ஏறிவிட்டால் பாத்தியின் வெள்ளை கண்ணைப் பறிக்கும். பலகையால் வாரி ஒதுக்கிய உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளி, சும்மாடு வைத்துச் சுமந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டுகிறார்கள். ஈர உப்பின் நீர் கூடை வழியே கசிந்து பிடரியில் இறங்கும். காலில் ஒரு வெடிப்பு இருந்தாலும் அந்த எரிச்சலோடுதான் நடை. இதே சுமையை அன்று தூக்கிய பெண்ணுக்கு 1921 சட்டத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை.

வரி மட்டும் அவளைத் தேடி வந்தது. 1923-இல் மணங்குக்கு ஒன்றே கால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக்கினார்கள். மத்திய சட்டசபை மறுத்தும், வைஸ்ராய் தம் தனி அதிகாரத்தால் அதை விதித்தார். மறு ஆண்டு பழைய அளவுக்கு இறங்கியது. தன் கையால் விளைந்த உப்பையே வரியோடு வாங்கிக் கஞ்சிக்குப் போட்டுக்கொண்டவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த வரியை எதிர்த்து 1930-இல் காந்தி தண்டிக்குக் கூட்டிச் சென்ற அணியில் பெண்கள் இல்லை. உப்பு அடுப்படிக்குரிய பொருள், அதற்கான போரில் பெண்ணுக்கு இடமில்லையா என்று கேட்டவர்களில் கசின்ஸின் மாதர் சங்கமும் ஒன்று. நியாயமான கோபம். அவ்வாண்டே வேதாரண்யத்தில் ருக்மணி லட்சுமிபதி உப்புச் சட்டத்தை மீறிச் சிறை சென்றார். 1931-இல் மாதர் அமைப்புகள் ஒன்றுகூடி, சொத்தும் படிப்பும் பாராமல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்றன. அடுத்த ஆண்டு, விடுதலைப் போராட்டத்தை ஒடுக்க வந்த அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசியதற்காகத்தான் கசின்ஸுக்கு வேலூர்ச் சிறை. சொத்துள்ள பெண்ணின் ஓட்டோடு நின்றுவிடாமல் அடக்குமுறையையே எதிர்க்கத் துணிந்த அந்த இரண்டாம் கசின்ஸைத்தான் நான் பெரியவராக நினைக்கிறேன். ஐரோப்பாவிலிருந்து வந்து இங்குள்ள பெண்களுக்காக இரங்கியவர்கள் பலர். பிரிட்டிஷ் ஆட்சியாளரின் சட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள் சிலரே.

அளத்துப் பெண்ணுக்கு ஓட்டு வந்தது 1952 தேர்தலில். இன்று அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மழை பிடித்தால் அளம் முழுகும், மாதக்கணக்கில் கூலி இல்லை. குடிநீரும் நிழலும் கழிப்பறையும் உப்பளங்களில் இன்னமும் கேட்டுப் பெற வேண்டியவையாகவே இருக்கின்றன. வருகிற தேர்தலில் ஓட்டுக் கேட்டு அளத்தங்கரைக்கு வருபவர்களிடம் இவற்றுக்கு நாள் குறித்து எழுதி வாங்குங்கள். உப்புத் தொழிலாளர் குடும்பத்துக்கான மழைக்கால உதவித்தொகை, சுமக்கிற பெண்ணின் பெயரிலேயே வர வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.