பண்டிச் சட்டிக்கு எந்த அடுப்பு?

போன மாதம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சமையல் நாள் வைப்பதென்று முடிவெடுத்தோம். தலைப்பு ‘யாழ்ப்பாணத்துச் சாப்பாடு’. ஆளுக்கொரு சட்டி. ஒருத்தி ஒடியற்கூழ், ஒருத்தன் நண்டுக்கறி, பிறகு ஆட்டிறைச்சிப் பிரட்டல், கணவாய், புட்டு, சொதி என்று பட்டியல் நீண்டது. நான் ‘பண்டி இறைச்சிக் கறி’ என்று எழுதினேன். குறூப்பில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

“எங்களுக்குப் பிரச்சினை இல்லை மச்சான், வாற ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“மண்டபக்காரர் விடமாட்டினம்.”

“அது யாழ்ப்பாணத்துச் சாப்பாடு இல்லைத்தானே.”

அடுத்தநாள் பார்த்தால் என்ர பேருக்கு நேரே ‘பருப்பு’ என்று மாற்றிக் கிடந்தது. நான் பருப்பும் நல்லாய்த்தான் சமைப்பேன். ஆனால் முதல் இரண்டு பதிலும் பயம், மூன்றாவது பதில் பொய். பயத்தை விடுங்கோ, எல்லாருக்கும் இருக்கிறது. பொய்யைப் பற்றித்தான் கதைக்கவேணும்.

என்ர அம்மம்மா பண்டி சமைத்தது யாழ்ப்பாணத்தில்தான். காவோலை கொளுத்தி மயிர் வாட்டி, தோலோடும் நெய்யோடும் வெட்டின துண்டு. அதில் உப்பும் மஞ்சளும் பிரட்டி, எண்ணெய் ஒரு துளியும் விடாமல் வெறுஞ் சட்டியில் போட்டு மெல்லிய நெருப்பில் விடுவா. நெய் தானாக இறங்கும். துண்டுகள் அந்த நெய்யிலேயே ஓரஞ் சிவக்கும். அதுக்குள் சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி, ரம்பை, கறிவேப்பிலை. பிறகு வறுத்த கறித்தூள், இடித்த மிளகு, ஊறப்போட்ட கொறுக்காய் இரண்டு துண்டு. தேங்காய்ப்பால் கிடையாது, பண்டியின் நெய்யே போதும் என்பா. சுடுதண்ணி விட்டு மூடினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திறக்க விடமாட்டா. இறக்கும்போது இறைச்சிச் சரக்குத் தூவினால் குழம்பு கறுத்து, தடித்து, மேலே நெய் மினுங்கும். பாணால் தொட்டுச் சாப்பிட்டால் விரலை விடவே மனம் வராது.

இவ்வளவும் நடந்தது குசினிக்குள் இல்லை. கோடியில், மூன்று கல்லு வைத்து. அதுக்குச் சட்டியும் வேற, அகப்பையும் வேற. சட்டி வீட்டுக்குள் வரவே வராது. சமைத்துச் சாப்பிடுகிற எங்கட வீட்டுக்குள்ளேயே அது தீட்டாக இருந்தது!

பொழுதுபட, பின்வேலிப் பொட்டுக்குள்ளால் ஆட்கள் வருவினம். தாத்தா சீவல் தொழில். கள்ளு குடிக்க வருகிறவை எல்லாரும் எங்கட ஆட்கள் இல்லை. எங்களைத் தங்கட கிணற்றில் அள்ளவிடாத வீட்டு ஆம்பிளையளும் வருவினம். பிளாவில் கள்ளு, வாழையிலைத் துண்டில் இறைச்சி. எங்கட வீட்டுக் கோப்பை தேவையில்லை, தண்ணியும் தேவையில்லை. விடிந்தால் றோட்டில் கண்டாலும் தெரியாத மாதிரிப் போவினம். ‘யாழ்ப்பாணத்தான் பண்டி சாப்பிடுறேல்லை’ என்று சொல்கிற யாழ்ப்பாணம் இதுதான்.

சரி, ஊத்தை என்கிற கதைக்கு வருவோம். பண்டி மலம் தின்னும், அதனால்தான் வேண்டாமாம். ஊர்க்கோழி வேலிக்கரையில் எதைக் கிளறுகிறது என்று யாரும் பார்ப்பதில்லையா? கடலடியில் செத்தது அழுகினது எல்லாம் தின்கிற நண்டைத்தானே லண்டனிலும் ரொறொன்ரோவிலும் ‘ஜஃப்னா கிறாப்’ என்று பெருமையாக விற்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது. வன்னிக்குப் போய்வந்தவர் காட்டுப்பண்டி சாப்பிட்ட கதையை நாலு பேருக்கு முன்னால் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுவார். அதுவும் பண்டிதான். புழுப் பயமென்றால் அதற்கும் அந்தப் பயம் இருக்கிறது. எந்தப் பண்டியையும் நல்லாய் வேகவைத்துத்தான் சாப்பிடவேணும். அதே ஆள் கொழும்பில் ஹோட்டலில் நின்றால் காலமைச் சாப்பாட்டுக்கு பேக்கனும் சொசேஜும் எடுப்பார். காட்டில் சுட்டால் வீரம், வெள்ளைக்காரன் உப்புப் போட்டால் நாகரிகம், அம்மம்மா சமைத்தால் மட்டும் ஊத்தை. அப்ப ஊத்தை என்று நீங்கள் சொல்வது பண்டியை இல்லை.

அடுத்தது சைவம். ஆறுமுக நாவலரின் நான்காம் பாலபாடத்தில் புலாலுண்ணலுக்கும் கள்ளுண்ணலுக்கும் தனித்தனிப் பாடமே இருக்கிறது. அதை மதித்து மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவையோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் நாவலரின் கணக்கில் ஆடும் புலால், மீனும் புலால். எங்கட ஊர் வழக்கிலோ மச்சத்துக்குள்ளேயே ஒரு ஏணி: மேலே மீனும் ஆடும், கீழே மாடு, எல்லாத்துக்கும் கீழே பண்டி. இந்த ஏணியை எந்தச் சாத்திரமும் கட்டவில்லை. எந்த இறைச்சியை எந்தச் சாதி சாப்பிடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினது. வெள்ளி, செவ்வாய் விரதம் இருந்து சனிக்கிழமை ஆட்டுக்கறியோடு சைவத்தைக் காப்பாற்றுகிறவை எனக்குச் சைவம் படிப்பிக்க வேண்டாம்.

இது வெறும் வாய்ருசிப் பிரச்சினை இல்லை என்பது எங்கட தாத்தாமாருக்குத் தெரியும். தேத்தண்ணிக் கடைகளில் அவைக்கு வெளியில் வாங்கு, தகரப்பேணி, போத்தல். 1957-இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் கடைக்காரர் பேணியை மாற்றவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. பிறகு சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் என்று தேத்தண்ணிக் கடைகளுக்குள் போகிறதுக்கே அடிபட வேண்டியிருந்தது. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் சனம் நின்றது. ஒரு கிளாஸ் பிளேன்ரீக்கு அவ்வளவு பாடு. கடை திறந்தது, கோவிலும் திறந்தது. சமையற் புத்தகம் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

உலகத்தில் வேறு ஒரு சனம் இதே பிரச்சினையை எப்படிக் கையாண்டது என்று பாருங்கோ. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பு மக்களுக்குப் பண்டியில் கிடைத்தது கால், காது, குடல், தலை. முதுகுப்பக்கத்து நல்ல இறைச்சி எசமான் வீட்டுக்கு. அந்தத் துண்டு தங்கட கைக்கு வந்த காலத்தில் அவை அதைச் சமைத்த விதம் இது: எலும்போடு இருக்கிற துண்டில் உப்பு, மிளகு, மா பிரட்டி, இரும்புத் தாச்சியில் பொரித்து எடுப்பினம். மிஞ்சின நெய்யில் வெங்காயமும் கொஞ்ச மாவும் போட்டுச் சிவக்க வறுத்து, தண்ணி விட்டுக் குழம்பாக்கி, துண்டுகளைத் திரும்ப அதுக்குள் போட்டு மூடி, எலும்பில் இருந்து கழரும் மட்டும் மெல்லிய நெருப்பில் விடுவினம். நெய்யை வீணாக்காத கை, மூடிவைத்துக் காத்திருக்கிற பொறுமை: அம்மம்மா பார்த்தால் உடனே விளங்கிக்கொள்ளுவா. 1960-களில், உரிமைப் போராட்டம் கொதித்த நேரத்தில், இந்த மாதிரிச் சாப்பாட்டுக்கு அவை வைத்த பேர் சோல் ஃபூட், ஆன்மாவின் சாப்பாடு. கறுப்பு மக்களுக்கென்று ஒரு சமையலே இல்லை என்ற பேச்சுக்குப் பதிலாக, அமிரி பராக்கா என்று பிறகு பேர் மாற்றிய லீரோய் ஜோன்ஸ் இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். 1966-இல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. மராத்தியில் ஷாஹு பாட்டோளே 2015-இல் மராத்வாடா தலித் சமையலைப் புத்தகமாக்கினார்.

அங்கேயும் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். நேஷன் ஒஃப் இஸ்லாம் தலைவர் எலைஜா முஹம்மது 1967-இல் சாப்பாட்டைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி, பண்டியைத் தொடவே வேண்டாம் என்றார். அடிமைக்குக் கொடுத்த சாப்பாட்டை ஏன் கொண்டாடவேணும் என்ற கேள்வியை நான் தட்டிவிட மாட்டேன். அது எங்கட வீட்டுக்குள்ளேயும் இருக்கிறது. சித்தப்பாவுக்கு வாத்தியார் வேலை கிடைத்த வருசத்தோடு அவர் பண்டியை விட்டார். கோடியில் புகை எழும்பினால் கதவைச் சாத்துவார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த ஸ்ராஃப் றூமில் அவர் என்னென்ன கேட்டிருப்பார் என்று யாருக்குத் தெரியும். விடுகிறது அவருடைய உரிமை. ஆனால் மனிசன் மதிப்பாய் வாழ்கிறதுக்குத் தாயின் சட்டியை ஒளிக்க வேண்டிவந்ததே, அது யார் விதித்த விலை?

எங்கட குறூப்பில் இருக்கிற முஸ்லிம் தோழி மட்டுந்தான் எனக்கு நேரே எழுதினாள். “நான் சாப்பிடமாட்டன். சட்டியையும் அகப்பையையும் புறிம்பாய் வை, பேர் எழுதி ஒட்டு. மற்றும்படி எனக்கென்ன?” இவ்வளவுதான். அவளுக்கு விலக்கு, அவள் சாப்பிட மாட்டாள். நான் சமைக்கக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. அவளைச் சாட்டிக்கூட ஒருத்தர் “எல்லாற்ற உணர்வையும் மதிக்கவேணும்” என்று எழுதியிருந்தார். அவளிடம் கேட்டாரா? இல்லை.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ஒடியல் ஏழைச் சனத்தின் பசி தீர்த்த சாப்பாடு. இன்றைக்குக் கூழ் பெரிய ஹோட்டல்களில் சின்னக் கிண்ணத்தில் ‘பாரம்பரியம்’ என்று வருகிறது. நாளைக்குப் பண்டிக்கும் அது நடக்கும். யாராவது ஒரு செஃப் ‘யாழ்ப்பாணக் கறுத்தப் பண்டி’ என்று விலை போட்டு விற்பார். அப்ப இதே குறூப்பில் படம் எடுத்துப் போடுவினம். கோடியில் மூன்று கல்லு இருந்ததையும் பின்வேலிப் பொட்டையும் யாரும் எழுத மாட்டினம். அதுக்கு முதல் நாங்களே எழுதவேணும், நாங்களே பேர் சொல்லிச் சமைக்கவேணும் என்கிறதுதான் என்ர அவசரம்.

நாங்கள் டானியலின் ‘பஞ்சமர்’ வாசித்து இரண்டு கிழமை விவாதித்த ஆட்கள். சாதி ஒழிப்பென்று பதாகை எழுதின கை எங்கட கை. அதே கைதான் பண்டியை வெட்டிப் பருப்பென்று எழுதியது.

ஆகவே திரும்பக் கேட்கிறேன். பட்டியலை மாற்றுங்கோ. மண்டபக்காரர் மறுத்தால் மறுத்ததென்று நோட்டீஸிலேயே போடுவோம். வேறு வளவு பார்ப்போம். நாலு கிலோ இறைச்சி நான் வாங்குகிறேன், கொறுக்காய் வீட்டில் இருக்கிறது. பாண் மட்டும் யாராவது கொண்டுவாங்கோ. அடுப்பு மற்ற அடுப்புகளோடு ஒரே வரிசையில் இருக்கவேணும். கோடிக்குப் போகச் சொன்னால் நான் வரமாட்டேன்.