ஒரு சாண் வட்டம்

செங்கண்மா என்று பழம்பெயர் பெற்ற செங்கத்தில் வீற்றிருந்த நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் மலைபடுகடாம், அவ்வழியின் வளத்தையெல்லாம் விரித்துரைத்துக்கொண்டே வருகையில், புனத்தை அழிக்கும் பன்றிகளுக்கு அஞ்சி மலைவாழ்நர் புழைதோறும் கல்லடார் மாட்டி வைத்திருப்பார்கள், ஆகையால் இருளில் நடவாமல் விடிந்தபின் செல்லுங்கள் என்று ஓர் எச்சரிக்கையும் செய்கிறது. பன்றிக்கு வைத்த பொறி பாணனை அடையாளம் கண்டு விலகாது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். அதே மலையடிவாரத்தில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாட்டுத் துப்பாக்கியோடு இரவில் மான் தேடிப் புறப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதைப் பரமனந்தல் பக்கத்து ஊர்களில் எவரும் மறுக்கமாட்டார்கள்.

மான் வேட்டை குற்றம் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆரம்பத்தில் உரிமம் பெற்றவர்களுக்கு வேட்டையை அனுமதித்திருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. அப்படியிருக்க, எவ்வளவு தூரத்திலிருந்து ஒரு மானைச் சுடுவது தர்மம் என்ற கேள்வியை இப்போது எழுப்புவது, எந்த நேரத்தில் கன்னம் வைப்பது உத்தமம் என்று கேட்பதுபோல் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும் வேட்டை நியாயமாக நடக்கும் நாடுகளில் மனச்சாட்சியுள்ள வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் ஓயாமல் விவாதிக்கும் இந்தக் கேள்வியை நம் மலைக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், சட்டப் புத்தகம் சொல்லாத சில விஷயங்களும் தெளிவாகின்றன என்பது என் அபிப்பிராயம்.

நாம் பரம்பரையாக எட்டும் தூரத்தையும் ஊடுருவும் வலிமையையும் புகழ்ந்து பழகியவர்கள். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு பாடுகிறது. அந்த அம்பு ஆறாவதாக ஒரு பிராணியின் வயிற்றில் தைத்து, அது புதருக்குள் ஓடி ஒளிந்திருந்தால் அதைத் தேடிப் போனவர் யார் என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருந்திருக்காது.

மானின் மார்புக்கூட்டில் இதயமும் நுரையீரலும் அமைந்திருக்கும் இடம் ஏறக்குறைய ஒரு சாண் அகலமுள்ள வட்டம். குண்டு அங்கே பட்டால் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். வயிற்றிலோ காலிலோ பட்டால் அப்பிராணி மணிக்கணக்காக, சில வேளை நாள்கணக்காக, யாரும் காணாத இடத்தில் கிடந்து சாகும். ஆகவே தர்மமான தூரம் என்பது துப்பாக்கி எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதல்ல. மலை ஏறி மூச்சு வாங்கும்போதும், கை நடுங்கும்போதும், காற்று குறுக்கே வீசும்போதும், அந்த ஒரு சாண் வட்டத்தை ஒருமுறைகூடத் தவறாமல் இவன் அடிப்பான் என்று நிச்சயிக்கக்கூடிய தூரம். குழலின் வாய் ஒரே ஒரு பாகை விலகினால், 50 மீட்டர் தள்ளிக் குண்டு ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் விலகிப் போகும். அதாவது நெஞ்சைக் குறிவைத்தவன் தொடையை அடிப்பான். நவீன ரைபிளின் குண்டுகூட 300 மீட்டரைக் கடக்க அரை விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் எடுத்துக்கொள்கிறது. மேய்கின்ற மான் ஓர் அடி முன்னே வைக்க அந்த அவகாசம் தாராளமாகப் போதும்.

நம் நாட்டுத் துப்பாக்கியின் கதை இதனினும் மோசம். கருமருந்தைக் குத்துமதிப்பாகக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈயக்குண்டையோ பால்ரஸ் குண்டுகளையோ இட்டுக் கெட்டிக்கும் அந்தக் கருவியில், குண்டைச் சுழலச்செய்து நேரே செலுத்தும் திருகு வெட்டு குழலின் உட்புறத்தில் இல்லை. நேற்று அடித்தபடி இன்று அடிக்கும் என்று அதைச் செய்த கொல்லனே உத்தரவாதம் தரமாட்டான். அதற்குமேல் இரவு வேறு. விளக்கொளியில் தெரிவது இரண்டு கண்கள் மட்டுமே. அவை அருகிலிருக்கும் கேளையாட்டின் கண்களா, தூரத்திலிருக்கும் கடமானின் கண்களா, கட்டறுத்துப் போன எவனோ ஒருவனுடைய பசுவின் கண்களா என்பதைச் சுட்ட பிறகுதான் பார்க்கமுடியும். தூரத்தை அளக்கவே வழியில்லாதவனிடம் அதிகபட்சத் தூரத்தைப் பற்றி என்ன பேசுவது? உரிமம் இருந்த காலத்திலேயே, மாமிசபட்சிணிகள் விஷயத்தில் சில விலக்குகள் தவிர, இரவு வேட்டையையும் செயற்கை ஒளியையும் நீர்நிலையில் காத்திருந்து சுடுவதையும் மேற்படி சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுத்திருந்தது என்றால், அதன் காரணம் இதுவாகவே இருக்கவேண்டும்.

சாமை மூட்டையோடு செங்கத்துச் சந்தைக்கு இறங்கிவரும் மலைப் பெரியவர் ஒருவரிடம், வாலிபத்தில் வேட்டைக்குப் போனதுண்டா என்று ஒருமுறை கேட்டேன். சற்றுத் தயங்கி, "போனதுதாங்க. குறி தப்பி ஓடினது ஒண்ணும் ஞாபகத்துல இல்லீங்க. பட்டுட்டு ஓடினதுதான் இன்னும் தூங்க வுடமாட்டேங்குது" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

பின்லாந்தில் ரைபிளால் பெரிய மானினங்களைச் சுட விரும்புகிறவன், 75 மீட்டர் தூரத்தில் 23 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நான்கு குண்டுகளையும் செலுத்திக் காட்டித் தேர்வு பெறவேண்டும். 23 சென்டிமீட்டர் என்பது நம் சாண்தான். ஜெர்மனியில் குளம்புள்ள காட்டு விலங்குகளைச் சிதறும் ரவையால் சுடவே கூடாது. இந்த ஏற்பாடுகள் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிகள் குறித்து நம் மாநில அரசு வெளியிட்ட முடிவை நினைவூட்டுகிறேன். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடலாகாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்பது அதன் சாரம். நிலக்கடலையும் மரவள்ளியும் பன்றி வாயில் போவதைப் பார்த்து நிற்கும் உழவனின் வேதனையை அறிந்தவன் என்ற முறையில் அந்த முடிவை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் காட்டுக்கும் பன்றிக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு கவனமாக வகுத்தவர்கள், துப்பாக்கி வாய்க்கும் பன்றிக்கும் உள்ள தூரத்தையும் அதே கவனத்தோடு வகுக்கவேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. சுடப்போகும் ஊழியர் ஒவ்வொருவரும் ஒரு சாண் வட்டத்தில் தம் கையைப் பரீட்சித்து, அந்தப் பரீட்சையில் தேறிய தூரத்துக்கு அப்பால் விசையைத் தொடக்கூடாது. காயம்பட்டு ஓடியதைக் கண்டுபிடிக்காமல் அன்றைய அறிக்கையில் கையெழுத்துப் போடக்கூடாது.

தேடுவதற்கு இரத்தத்தடம் பழகிய நாய் ஒன்று ஒவ்வொரு குழுவோடும் போகட்டும். நாயின் அருமையைச் செங்கத்துக்காரர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், மாண்ட வீரனின் அருகே, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயும் கோவிவன் என்ற பெயரோடு நிற்கிறது.