தலைமைத் தேர்தல் ஆணையருக்கு இரும்பையிலிருந்து ஒரு மடல்

பெருமதிப்பிற்குரிய இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்கள் சமூகத்திற்கு,

விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா, திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே செம்மண் பூமியில் அமைந்த இரும்பை என்னும் சிற்றூரின் வாக்காளன் ஒருவன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். தேர்தலில் மோசடி உண்டா இல்லையா என்னும் வாதம் தில்லியில் பத்திரிகையாளர் கூட்டங்களிலும் நியாயஸ்தலத்திலும் ஓயாமல் நடந்துவருகையில், மோசடி என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் எதைச் சொல்லுகிறார்கள் என்பதைத் தங்கள் செவிக்குக் கொண்டுவருவதே என் நோக்கம். வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றி அங்கே பேசப்படுவதில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே பேசப்படுவதில்லை.

எங்கள் மாவட்டத்து விக்கிரவாண்டித் தொகுதி ஐந்தாண்டுக்குள் இரண்டு உபதேர்தல்களைக் கண்டது. 2019 மே மாதம் விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் தி.மு.க. அணி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. ஐந்தே மாதத்தில், அதே நிலப்பரப்பிலுள்ள விக்கிரவாண்டியில், அப்போது ஆட்சியிலிருந்த அ.தி.மு.க. 44,000க்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றது. 2021 பொதுத்தேர்தலில் அத்தொகுதி 9,000 சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் தி.மு.க.வுக்குத் திரும்பியது; அக்கட்சி ஆட்சியில் அமர்ந்தபின், 2024 ஜூலை 10ஆம் தேதி நடந்த உபதேர்தலிலோ வித்தியாசம் 67,000ஐத் தாண்டிற்று. பொதுத்தேர்தலில் தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு தொகுதி, உபதேர்தல் வந்தவுடன் ஆளுங்கட்சி எதுவாயினும் அதற்கே உரத்த குரலில் ஆமாம் போடுவானேன் என்று கேட்டால், தொகுதிக்கு நன்மை வேண்டி ஜனங்கள் ஆளுங்கட்சியை நாடுவது இயல்பு என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆனால், பணபலத்தையும் அதிகாரபலத்தையும் காரணம் காட்டி 2024இல் விக்கிரவாண்டியைப் புறக்கணித்தது அ.தி.மு.க.; 2015இல் இராதாகிருஷ்ணன் நகரைப் புறக்கணித்தது தி.மு.க.; 2009 ஆகஸ்டில் ஐந்து தொகுதி உபதேர்தல்களைப் புறக்கணித்ததோ மறுபடியும் அ.தி.மு.க.தான். எதிர்க்கட்சியாய் இருக்கும்போது குற்றமாய்த் தோன்றுவது ஆளுங்கட்சியானதும் கண்ணில் படாமற் போவது மனித சுபாவந்தான். இருவர் வாயிலும் மாறி மாறி ஒரே புகார் வருமானால், புகாரில் ஏதோ சத்தியம் இருக்கிறதென்று தங்கள் ஆணையமாவது கருத வேண்டாமா?

அந்தச் சத்தியத்தைக் கண்ணால் காண்பது கஷ்டமன்று. வாக்குப்பதிவுக்கு இரண்டொரு நாள் முன்னதாக, இருட்டினபின், ஒருவர் வாக்காளர் பட்டியலின் நகலும் பென்சிலும் கையுமாகத் தெருவில் வருவார். கதவிலக்கத்தைப் பார்ப்பார், "அம்மா, உங்க வீட்டுல நாலு ஓட்டு, சரிதானே?" என்பார், நாலுக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டு, நாலு பெயருக்கு நேராகவும் ஒரு கோடு போட்டுக்கொண்டு அடுத்த வாசற்படி ஏறுவார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்; பென்சில் எல்லாக் கட்சியிலும் உண்டு. மறுநாட் காலையில் குழாயடியில் எழும் ஆவலாதியோ, பணம் கொடுத்தார்களே என்பதன்று, எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லையே என்பது. 2009 ஜனவரியில் திருமங்கலம் உபதேர்தலில் நடந்ததாகச் சொல்லப்பட்ட பணவினியோகம் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று பெயர் சூட்டப்பெற்று, ஒரு சாஸ்திரம் போலவே நாட்டில் வழங்கிவருகிறது. சட்டமன்றத் தொகுதியில் அபேட்சகர் ஒருவர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்னும் வரம்பை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆணையம் கைகட்டி இருந்தது என்று நான் சொல்லவில்லை. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் இராதாகிருஷ்ணன் நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணவினியோகத்தின் பொருட்டுத் தேர்தலையே ரத்துச் செய்தீர்கள். அதன் பலன் என்ன? சில மாதங்கழித்து மறுதேர்தல் நடந்தபோது இந்நான்கு இடங்களிலும் முன்பு நின்ற பிரதான அபேட்சகர்களே திரும்ப நின்றார்கள். ஒவ்வோரிடத்திலும் அவர்களில் ஒருவரே வென்றார். ரத்தான தேர்தலின் செலவு சர்க்கார் கஜானாவைச் சார்ந்தது. பென்சில்காரருக்கோ இரண்டாம் முறையும் வேலை கிடைத்தது. வாக்குச்சாவடியைத் தடியுடன் புகுந்து கைப்பற்றினால் தேர்தலை ரத்துச் செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்னும் பிரிவு இருக்கிறது. பணத்துடன் புகுந்து கைப்பற்றினால் அதற்கென்று பிரிவு இல்லை. அரசியல் சாசனத்தின் 324ஆம் விதியில் அடங்கிய பொது அதிகாரத்தைக்கொண்டே ஆணையம் சமாளித்துவருகிறது. அதனால்தான் 58பி என்றொரு பிரிவைச் சேர்க்குமாறு 2016இல் ஆணையம் மத்திய சர்க்காரைக் கேட்டது, சர்க்கார் இணங்கவில்லை. இல்லையென்று சொன்னதும் ஓய்ந்துவிடுவது சாமான்யனுக்குத் தகும். தங்கள் ஸ்தானத்துக்குத் தகுமா? கணக்குக் கேட்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடைதோறும் எடுத்தோதும் தலைவர்கள், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவின்முறையாரும் குடவோலைக்கு ஆகார் என்று அதிலே கண்ட விதியை மட்டும் மெல்ல விழுங்கிவிடுவதைத் தாங்களும் கவனித்திருக்கலாம்.

இனி வாக்காளர் பட்டியல். சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் 2025 நவம்பரில் வீடுவீடாகப் படிவம் கொடுக்கப்பட்டு, டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வெளியானபோது, தமிழ்நாட்டில் 6 கோடியே 41 லட்சமாயிருந்த பெயர்கள் 5 கோடியே 43 லட்சமாகக் குறைந்துவிட்டன. நீங்கிய 97 லட்சத்தில் இறந்தவர் பெயர்களே சுமார் 27 லட்சம் என்றார்கள். அத்தனை பேர் இறந்தும் பட்டியலில் ஜீவித்திருந்தார்கள் என்றால், களையெடுப்பு அவசியமே. ஆனால் எங்கள் பக்கத்தின் விசித்திரம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். இங்கே புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. புதுச்சேரிப் பக்கத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு, கணவனுடன் கட்டட வேலைக்குப் போய்வரும் ஒரு பெண்ணிடம், இருபது வருஷத்துக்கு முந்திய திருத்தப் பட்டியலில் தாய் தந்தையர் பெயர் எந்தப் பாகம், எத்தனையாவது வரிசை எண் என்று கேட்டால், அவள் எந்த ராஜ்யத்தின் எந்த ஏட்டைப் புரட்டுவாள்? படிவம் கொண்டுவரும் அங்கன்வாடி அம்மாளுக்கும் அது தெரியாது. இரண்டு இடத்தில் பெயர் இருப்பது எத்தனை பெரிய பிழையோ, இரண்டு இடத்திலும் இல்லாமற்போவது அதனினும் பெரிய பிழை. இதே திருத்தத்தின்போது பீகாரில் நீக்கப்பட்ட 65 லட்சம் பேரின் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடும்படி 2025 ஆகஸ்ட் 14ஆம் தேதி உச்சநீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. தானே முன்வந்து கொடுத்திருக்க வேண்டியதைக் கோர்ட்டு சொன்ன பிறகு ஆணையம் கொடுத்ததுதான் எனக்கு விளங்காத விஷயம்.

எங்கள் ஊர் மாகாளேசுவரர் கோயிலில் ஒரு ஐதிகம் உண்டு. கடுவெளிச் சித்தர் நடனமாடிய பெண்ணின் கழன்ற சிலம்பை எடுத்து அணிவித்தபோது சபை அவரை நகைத்ததாகவும், அவர் மறைந்தோடாமல் அந்தச் சபையிலேயே நின்று பாட, லிங்கம் வெடித்ததாகவும் பெரியோர் சொல்லுவார்கள். வெடித்த லிங்கத்தை யாரும் திரைபோட்டு மூடிவிடவில்லை. செப்புத் தகட்டால் பிணைத்து, எல்லாரும் பார்க்கவே பூஜை நடத்துகிறார்கள். ஆணையமோ, சந்தேகம் வந்தபோதெல்லாம் திரையையே தேடுகிறது. 2024 டிசம்பரில் ஆணையத்தின் சிபாரிசின்பேரில் மத்திய சர்க்கார் தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆம் விதியைத் திருத்தி, சாவடிக் காமிராப் பதிவுகளைப் பொதுஜனங்கள் பார்வையிட முடியாதபடி செய்தது. வழக்கு இல்லையேல் 45 நாளில் அப்பதிவுகளை அழித்துவிடலாம் என்றும் பிறகு உத்தரவாயிற்று. வழக்குத் தொடர ஆதாரம் வேண்டும், ஆதாரத்தைப் பார்க்க வழக்கு வேண்டும் என்றால், எளிய அபேட்சகன் எங்கே தொடங்குவான்? இயந்திரத்தை நான் நம்புகிறேன். ஒப்புகைச் சீட்டைப் பற்றி 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் ஏற்கிறேன். இயந்திரத்தை நம்பாதவனைத் தேசத்துரோகியைப்போலப் பார்ப்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

தங்களைத் தெரிந்தெடுக்கும் குழுவில் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி இருக்கட்டும் என்று 2023 மார்ச்சில் தீர்ப்பாயிற்று. அவ்வருஷம் முடியுமுன்பே சட்டமியற்றி, அவர் இடத்தில் பிரதமர் நியமிக்கும் மந்திரி ஒருவரை வைத்தார்கள். அது தங்கள் பிழையன்று. ஆயினும் ஆட்டத்தில் இறங்கியிருப்பவரே நடுவரைப் பொறுக்குகிற ஏற்பாட்டில், நடுவர் மற்றவரைக் காட்டிலும் இருமடங்கு வெளிப்படையாய் நடக்கக் கடமைப்பட்டவராகிறார்.

நான் கேட்பன நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் செய்யக்கூடியவையே. ஓட்டெடுப்பு முடிந்ததும் சாவடி அதிகாரி கையொப்பமிட்டு ஏஜென்டுகளிடம் கொடுக்கும் 17சி படிவத்தின் நகல் ஒன்றை அன்றிரவே சாவடி அமைந்த பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டச் செய்யலாம். எங்கள் ஊர் வாலிபர்கள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, எண்ணிக்கை நாளன்று தாங்களே கூட்டிப் பார்த்துக்கொள்வார்கள். நீக்கப்பட்ட பெயர்களைக் காரணத்துடன் ரேஷன் கடை வாசலில் தொங்கவிடலாம். 58பியை மறுபடியும் எழுதிக் கேட்கலாம். இம்முறை கடிதத்தையும் வரும் பதிலையும் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிடலாம். இம்மடலுக்குப் பதில் அனுப்பச் சித்தமிருந்தால், தமிழில் அனுப்பும்படி வேண்டுகிறேன். டீக்கடையில் நாலுபேருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இங்ஙனம்,
இரும்பை வாக்காளன் ஒருவன்